படிப்பவர் நிலையும் படிக்கும் நூலும்

நுழையும்முன்

ஏட்டில் எழுதப்பட்ட எழுத்துகள் எல்லார்க்கும் ஒன்றே. ஆயினும், அவற்றிலிருந்து ஒவ்வொருவரும் பெறும் பொருள் ஒன்றாக இருப்பதில்லை. படிப்பவர் வளர்ந்த சூழல், பெற்ற கல்வி, படிக்கும் நேரத்து மனநிலை ஆகியன நூலனுபவத்தை வடிவமைக்கின்றன. அந்நிலையை உணர்ந்து விரிவாக்கிக்கொள்பவரே நூலின் முழுமையை நெருங்குகிறார். சீவக சிந்தாமணியை உ.வே. சாமிநாதையர் கற்ற வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாக்குகிறது.

கொள்வோரின் இயல்பு

கற்பிக்கப்படும் பொருள் ஒன்றாயினும் கொள்வோர்க்கு ஏற்ப அது வேறுபடும் என்பதைத் தமிழ் இலக்கண மரபு நன்கு அறிந்திருந்தது. பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கரை மூவகைப்படுத்துகிறார். அன்னமும் ஆவும் முதல் மாணாக்கர்க்கு உவமைகள். மண்ணும் கிளியும் இடை மாணாக்கர்க்கு உவமைகள். இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியன கடை மாணாக்கர்க்கு உவமைகள். ஆடு ஒரு செடியில் நிலைத்து மேயாமல் செடிதோறும் நுனி கடித்துச் செல்லும். நெய்யரியோ நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும். இவ்வுவமைகள் ஆசிரியர் கூற்றைக் கேட்பவருக்கு மட்டுமன்றி, நூலைப் படிப்பவருக்கும் பொருந்துவன. ஆயினும், நல்லியல்பு வாய்ந்த மாணாக்கருக்கும் அவர் வாழும் சூழல் ஓர் எல்லையை வகுத்துவிடுகிறது. அவ்வெல்லை பெரும்பாலும் அவர் கண்ணுக்கே புலப்படுவதில்லை.

கல்வி வகுத்த எல்லை

உ.வே. சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் தமிழ்ச் சூழலில் வளர்ந்தவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம், கோவை, உலா, தலபுராணம் எனப் பல நூல்களைக் கற்றுத் தேர்ந்தவர். 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியேற்றார். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்திற்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார்.

என்னென்ன நூல்கள் கற்றிருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார். சாமிநாதையர் தாம் கற்றவற்றை வரிசையாகக் கூறினார். முதலியாரின் முகத்தில் வியப்பு தோன்றவில்லை. பழைய நூல்களான சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று அவர் மேலும் கேட்டார். நூற்றுக்கணக்கான நூல்களைக் கற்ற அவ்விளம் புலவர் அந்நூல்களைப் படித்ததில்லை.

இக்குறை முயற்சியின்மையால் நேர்ந்ததன்று. அவர் கற்ற சூழலில் அந்நூல்கள் பாடம் சொல்லப்படவில்லை. இதனைச் சமயப் பகை என்று மட்டும் கருதிவிடுதலும் பொருந்தாது. நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் சமணர். அந்நூலின் விருத்தியுரையைத் திருத்தி விளக்கிய சிவஞான முனிவரோ திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்த சைவர். இலக்கணத்தில் வேறுபாடு பாராட்டாத அதே சூழலில் சமணக் காப்பியம் பயிலப்படாமல் போயிற்று. வெறுத்து ஒதுக்கிய நூல்கள் சில. நினைவில் எழாமையால் ஒதுங்கிய நூல்கள் பல. பின்னதே அறிதற்கு அரிய எல்லை.

எழுத்துப் புரிந்தும் பொருள் புரியாமை

முதலியார் அளித்த சிந்தாமணிப் படியைச் சாமிநாதையர் படிக்கத் தொடங்கினார். இலக்கணம் அறிந்தவர், செய்யுளைப் பிரித்துப் பொருள்கொள்ளும் பயிற்சி மிக்கவர். நச்சினார்க்கினியர் உரையும் உடனிருந்தது. எனினும், பல இடங்கள் அவருக்கு விளங்கவில்லை. சொற்கள் தமிழ்ச் சொற்களாகவே இருந்தன. அவற்றின் பின்னிருந்த சமணக் கோட்பாடுகளும் வழக்காறுகளும் அவர் உலகில் இல்லை. மொழி தெரிந்திருந்தும் அம்மொழியில் பேசியவர்களின் வாழ்க்கை தெரியாததால் நூல் பாதி மூடியே கிடந்தது.

சமணர் இல்லத்தில் திறந்த நூல்

கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை நாடி அவர் சென்றார். அவ்வாறு சென்ற இல்லம் ஒன்று தோரணங்களுடன் விழாக்கோலம் பூண்டிருந்தது. காரணம் வினவியபோது, தொடர்ந்து படித்துவந்த சிந்தாமணியை அன்று நிறைவு செய்ததாக அவ்வில்லத்தார் கூறினர். தமக்குப் புரியாத புதிராக இருந்த நூல், அங்கே ஓர் இல்லத்தின் வழிபாட்டுக்குரிய நூலாகப் போற்றப்படுவதை அவர் கண்டார்.

திருத்தக்கதேவர் இயற்றிய சிந்தாமணிக்கு மணநூல் என்றும் ஒரு பெயர் உண்டு. சீவகனின் திருமணங்களை முதன்மையாகக் கொண்டு நோக்குவார்க்கு அஃது இன்பச்சுவை மிகுந்த கதை. பதின்மூன்று இலம்பகங்களின் முடிவு முத்தி இலம்பகமே என்பதைக் கருத்தில் கொள்வார்க்கு அதே நூல் துறவை நோக்கிய பயணம். முடிவை அறிந்து தொடக்கத்தைப் படிக்கும் சமணரின் நிலை, முன்னைய இன்பங்கள் அனைத்தையும் வேறோர் ஒளியில் காட்டுகிறது.

சாமிநாதையர் தம் ஐயங்களை அவர்களிடம் கேட்டுத் தெளிந்தார். சமண நூல்களைத் தேடிக் கற்றார். சைவராகவே இருந்துகொண்டு, படிக்கும்போது சமணரின் இடத்திலிருந்தும் நோக்கப் பழகினார். அவரது ஈடுபாட்டைக் கண்ட சமண இல்லத்தார், முத்திக்குத் தகுதியுடைய உயிரைக் குறிக்கும் ‘பவ்ய ஜீவன்’ என்னும் சொல்லால் அவரைக் குறிப்பிட்டனர். ஒரு படிப்பாளருக்கு இதனினும் உயர்ந்த சான்றிதழ் வேண்டுவதில்லை.

1887இல் சீவக சிந்தாமணி அவரது பதிப்பாக வெளிவந்தது. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை முதலியன அதனைத் தொடர்ந்தன. கரையானுக்கும் நீருக்கும் இரையாகிக்கொண்டிருந்த ஏடுகளுக்கு வாழ்வு கிடைத்ததில், தாம் கற்றது போதாது என்று ஏற்ற ஒரு மனநிலைக்கும் பங்குண்டு. முதலியாரின் வினாவைக் கேட்டுச் சினந்து எழுந்து சென்றிருந்தால் அவ்வேடுகளின் கதை வேறாக முடிந்திருக்கலாம்.

நூல் இடும் வரம்பு

படிப்பவர் நிலைக்கேற்பப் பொருள் வேறுபடுமாயின், எவரும் எப்பொருளையும் எந்நூலுக்கும் கூறலாமோ என்னும் ஐயம் எழக்கூடும். அவ்வாறு கூற நூலே இடம் தராது. சொல், தொடரமைப்பு, இடம், மரபு ஆகியன பொருளுக்கு வரம்பிடுகின்றன. சமணரிடையே வழங்கும் செவிவழிச் செய்தி ஒன்று இவ்விடத்தில் எண்ணத்தக்கது. சைவரான நச்சினார்க்கினியர் சிந்தாமணிக்கு முதலில் எழுதிய உரையைச் சமணச் சான்றோர் ஏற்கவில்லையாம். பின்னர் அவர் சமண நூல்களைக் கற்றுத் தம் உரையைத் திருத்தி எழுதினாராம். உரையாசிரியர் தம் கருத்துக்கேற்ப நூலை வளைக்கவில்லை. நூலுக்கேற்பத் தம் அறிவை விரித்தார் என்பதே இச்செய்தியின் உட்கிடை.

ஆகவே, படிப்பவரின் நிலை ஒரு சாளரம் போன்றது. சாளரம் இல்லையேல் எதையும் காண இயலாது. ஆனால், சாளரத்தின் அளவே உலகின் அளவு என்று எண்ணுதல் பிழை.

நாளும் நிகழும் வாசிப்பு

இவ்வேறுபாடு புலவர்க்கு மட்டும் உரியதன்று. தேர்வுக்கு முதல்நாள் படிக்கும் செய்யுளில் அணியும் இலக்கணக்குறிப்பும் மட்டுமே கண்ணில் படும். அதே செய்யுளை ஓய்வான மாலையில் வாய்விட்டுப் படித்தால் அதன் ஓசை முன்வந்து நிற்கும். பிரிவைப் பாடும் கையறுநிலைப் பாடல், இழப்பை அறியாதவருக்கு ஒரு துறை; இழந்தவருக்கு ஆறுதல். வறட்சியில் வளர்ந்தவர் மழையைப் பற்றிய பாடலைப் படிப்பதும், வெள்ளத்தில் வீட்டை இழந்தவர் அதனைப் படிப்பதும் ஒன்றாகா. களைப்பும் கவலையும் அவசரமும் நல்ல நூலையும் சுவையற்றதாகக் காட்டும்.

எனவே, ஒரு நூல் பிடிக்கவில்லை என்று முடிவு செய்யும் முன் சில வினாக்கள் தேவைப்படுகின்றன. விளங்காமைக்குக் காரணம் நூலா, படிப்பவர் அறியாத வாழ்க்கையா? அவ்வாழ்க்கையை அறிந்த எவரேனும் அருகில் உள்ளனரா? வேறொரு பொழுதில் அந்நூலுக்கு மீண்டும் ஒரு வாய்ப்பளிக்க இயலுமா? இவ்வினாக்களோடு படிப்பவர், தாம் முன்பே அறிந்தவற்றை உறுதிசெய்துகொள்வதோடு நின்றுவிடார். பிறர் வாழ்வையும் தம் அறிவின் பகுதியாக்கிக்கொள்வார்.

கற்பவை கற்றபின்

1. முன்னர் விளங்காமல் இருந்து பின்னர் விளங்கிய பாடல் அல்லது கதை ஒன்றைத் தேர்ந்து, அம்மாற்றத்திற்கான காரணங்களைப் பட்டியலிடுக.
2. சிறுகதை ஒன்றை வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவருக்குப் படித்துக் காட்டுக. அவர் கருத்தையும் உம் கருத்தையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
3. ‘நூலின் பொருளை முடிவு செய்வது நூலே, படிப்பவரே’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.