துவாலுவுக்குப் புறப்படும் மாணவிக்கு

ஜோகூர்பாரு

படிவம் ஐந்தை முடித்த கையோடு நெடும்பயணம் ஒன்றைத் திட்டமிடும் அன்பு மாணவிக்கு,

பயணிகள் மிக அரிதாகவே சென்றுவரும் நாடுகளைப் பட்டியலிடுவோர் பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள துவாலுவை அதில் தவறாமல் சேர்ப்பர். அந்நாட்டின் நிலம் முழுவதையும் கூட்டினாலும் 26 சதுர கிலோமீட்டரே தேறும். பொந்தியான் கரைக்கு எதிரே மக்கள் குடியிருப்பின்றி அலையாத்திக் காடாய் நிற்கும் பூலாவ் குக்குப் தீவு ஏறத்தாழ ஆறரைச் சதுர கிலோமீட்டர் என்பதால், நான்கு குக்குப் தீவுகளைச் சேர்த்தால் ஒரு துவாலு என்று ஜோகூர் மாணவர் கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்தச் சிறு நிலமும் ஒன்பது தீவுகளாகவும் தீவுக்கூட்டங்களாகவும் சிதறிக் கிடக்கிறது. அங்கு வாழும் பத்தாயிரத்துச் சொச்சம் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் தலைநகரான ஃபுனாஃபுட்டியில் வாழ்கின்றனர். ஆயினும் மீன்வளத்தின்மீது உரிமை கொண்டாட அந்நாட்டுக்குச் சட்டப்படி அமைந்த கடற்பரப்பு ஏழு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது, அதாவது மலேசியாவின் நிலப்பரப்பைப் போல் இரு மடங்குக்கும் கூடுதலானது. ஆகவே துவாலுவைச் சிறு நாடு என்பது நிலத்தை மட்டுமே அளக்கப் பழகியவர்களின் பேச்சாகும்.

மலாயைப் பள்ளியில் பயின்ற ஒருவருக்குத் துவாலு மக்களின் மொழி முற்றிலும் அந்நியமாக ஒலிக்காது. இரண்டும் ஆஸ்திரோனேசிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை; தைவானிலிருந்து படகேறிய மக்களால் மேற்கே மடகாஸ்கர் வரையிலும் கிழக்கே ஈஸ்டர் தீவு வரையிலும் பரப்பப்பட்ட மொழிகளின் கூட்டமே இப்பெயரால் வழங்குகிறது. மலாயில் ஐந்து 'லிமா' எனின் துவாலுவிலும் 'லிமா'வே. கண் இரு மொழியிலும் 'மாத்தா'. மீனைக் குறிக்கும் 'ஈக்கான்' அங்கே 'இக்கா' ஆகும், தென்னையைக் குறிக்கும் 'ஞியோர்' 'நியூ' ஆகும், 'லாங்கிட்' என்னும் வானம் 'லாங்கி' ஆகும். நாட்டின் பெயரிலும் இந்த உறவு உண்டு. 'து' என்பது நிற்றலையும் 'வாலு' என்பது எட்டையும் குறிக்க, சேர்ந்து நிற்கும் எட்டு என்பது அதன் பொருள். மூவாரிலும் பத்து பஹாட்டிலும் வாழும் ஜாவானியக் குடும்பத்து முதியவர் எட்டை 'வோலு' என்று எண்ணுவதைக் கேட்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. (தமிழ் வீடுகளில் குறும்புப் பிள்ளைக்கு வழங்கும் 'வாலு'வுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) தீவுகள் ஒன்பதாயினும் பழங்காலத்தில் மக்கள் நிலையாகக் குடியிருந்தவை எட்டே. பிரிட்டிஷ் ஆட்சியில் எல்லிஸ் தீவுகள் எனப்பட்டு, இன்று கிரிபாட்டி எனப்படும் கில்பர்ட் தீவுகளுடன் இணைத்து ஆளப்பட்ட இந்நாடு, பின்னர் தனியே பிரிந்தபோது பழம்பெயரையே மீண்டும் சூடிக்கொண்டு, 1978 அக்டோபர் 1ஆம் நாள் விடுதலை பெற்றது.

ஜோகூரிலிருந்து செல்பவர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரின் சாங்கியில் விமானமேறி ஃபிஜி நாட்டின் நாடி நகரை அடைந்து, அங்கிருந்து தலைநகர் சுவாவுக்குச் சென்று, வாரத்தில் சில நாள்களே பறக்கும் சிறு விமானத்தில் ஃபுனாஃபுட்டிக்குச் செல்ல வேண்டும். 'நாடி' என்று எழுதப்படும் அவ்வூரின் பெயர் 'நந்தி' என்றே ஒலிக்கப்படுகிறது. அங்குச் சிவசுப்பிரமணியர் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குப் பெரும்பாலும் கங்காணிகள் ஊரிலிருந்து ஆள் திரட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1903 முதல் 1916 வரை, சென்னைத் துறைமுகத்திலிருந்து தென்னிந்தியர் ஃபிஜியின் கரும்புத் தோட்டங்களுக்கு 'கிர்மிட்' முறையில் கொண்டுசெல்லப்பட்டனர். ஒப்பந்தம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தொழிலாளர் நாவு திரித்த வடிவமே 'கிர்மிட்' ஆகும். அவர்கள் 1926இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பள்ளிகளையும் கோயில்களையும் இன்றும் நடத்திவருகிறது. துவாலுவுக்கும் ஆள்பிடிப்பின் வடு உண்டு, அது இன்னும் கொடியது: 1863இல் பெரு நாட்டுக் கப்பல்கள் ஃபுனாஃபுட்டியிலும் நுக்குலாயிலாயிலும் நூற்றுக்கணக்கானோரை ஏமாற்றி ஏற்றிச் சென்றன, சென்றோரில் பெரும்பாலோர் திரும்பவே இல்லை. தோட்டத்துப் பாட்டனின் பேத்தியாய்ப் பிறந்த பயணி, விமானம் மாறுவதற்கான இடம் என்று மட்டும் நாடியைக் கருதாமல் அங்கே ஒரு பகலாவது தங்குவது தகும்.

ஃபுனாஃபுட்டி மலையும் ஆறும் அற்ற பவள வளையத் தீவு. நடுவே அமைதியான காயல் கிடக்க, அதைச் சுற்றி மாலைபோல் மெல்லிய நிலத்துண்டுகள் அமைந்திருப்பதையே இச்சொல் குறிக்கிறது. சில இடங்களில் ஒருபுறம் காயலும் மறுபுறம் பெருங்கடலும் ஒரே பார்வையில் தெரியும். எரிமலைத் தீவொன்று மெல்லக் கடலுள் அமிழ, அதன் விளிம்பில் வளர்ந்த பவளம் மட்டும் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வருவதால் இத்தகைய வளையங்கள் உருவாகின்றன என்று சார்லஸ் டார்வின் 1842இல் எழுதினார். அதைச் சோதிக்க லண்டன் ராயல் சொசைட்டி 1896 முதல் 1898 வரை அனுப்பிய குழுக்கள் ஃபுனாஃபுட்டியில்தான் துளையிட்டன; 340 மீட்டர் ஆழம் சென்றும் எரிமலைப் பாறை தட்டுப்படவில்லை, பவளச் சுண்ணாம்பே வந்தது. ஆழமற்ற நீரில் மட்டுமே வளரும் பவளம் அத்தனை ஆழத்தில் கிடைத்தது டார்வினுக்குச் சாதகம் என்றாலும், வழக்கு முடிந்துவிடவில்லை. 1952இல் மார்ஷல் தீவுகளின் எனிவெட்டோக்கில் ஆயிரத்து இருநூறு மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை கிடைத்த பிறகே அது முடிந்தது. ஃபுனாஃபுட்டியில் துளையிட்ட இடத்தை இன்றும் காணலாம். பார்க்க அழகாக ஒன்றும் இராது.

அந்நாட்டைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் 'மூழ்கும் நாடு' என்னும் ஒரே தொடரில் அடங்கிவிடுகின்றன. கடல் உயர்வது உண்மை, கடந்த 30 ஆண்டுகளில் மட்டும் அங்கு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. ஆனால் 2018இல் வெளியான ஓர் ஆய்வு, 1971க்குப் பிந்தைய நான்கு பத்தாண்டுகளில் துவாலுத் தீவுகளின் மொத்தப் பரப்பு 2.9 விழுக்காடு கூடியிருப்பதைக் காட்டியது. அலைகள் பவள மணலைக் கொணர்ந்து ஓரிடத்தில் அரித்ததை வேறோரிடத்தில் சேர்ப்பதே இதற்குக் காரணம். இதைக் கொண்டு ஆபத்தில்லை என்று முடிவு கட்டுவதும் தவறு, ஏனெனில் மணல் கூடினாலும் குடிநீர் கூடாது. குடிநீருக்கு மழையையே பெரிதும் நம்பும் அந்நாடு 2011இல் வறட்சியால் நெருக்கடி நிலையை அறிவிக்க நேர்ந்தது. நிலத்தடியில் உப்புநீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படலம்வரை குழி தோண்டி அதில் வளர்க்கும் 'புலாக்கா' என்னும் பெருஞ்சேம்பு, கடல்நீர் கசிவதால் அழுகுகிறது. அண்மையில் ஃபுனாஃபுட்டியின் காயலோரத்தில் ஏறத்தாழ 7 ஹெக்டேர் நிலம் மணல் கொட்டி உயர்த்தப்பட்டது. கேலாங் பாத்தாவில் மாடிக் குடியிருப்புகளை விற்பதற்காகக் கடலைத் தூர்த்து எழுப்பிய ஃபாரஸ்ட் சிட்டியைக் கண்ட கண்களுக்கு அந்த ஏழு ஹெக்டேர் அற்பமாகத் தோன்றக்கூடும். தேவையை அளவுகோலாகக் கொண்டால் அற்பம் எது என்பது மாறிவிடும்.

பயண ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். செலாவணி ஆஸ்திரேலிய டாலர். நாட்டின் முதல் தானியங்கிப் பண இயந்திரம் 2025 ஏப்ரலில்தான் வந்தது என்பதால் கையில் ரொக்கம் வைத்திருப்பதே நன்று. வடகிழக்குப் பருவமழையில் மெர்சிங் படகுகள் நிற்பதை அறிந்தவர் திரும்பும் நாளை இறுக்கமாகக் குறிக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் ஓய்வுக்கும் உரியது. 'சுலு' எனப்படும் இடுப்புத் துணி ஜோகூர்த் தமிழர் கைலி என்பதையே ஒத்தது. பெண்களாயினும் ஆண்களாயினும் தொடை மறைய உடுத்துவதே அங்கு மரியாதை. தென்னம்பாளையைச் சீவி இறக்கும் புளிக்காத இன்சாறு 'கலேவே' எனப்படும், பதநீர் குடித்துப் பழகிய நாவுக்கு அது உடனே அடையாளம் தெரியும். குளிக்கும் நீர் தொட்டி மழைநீர் என்பதை நினைவில் கொள்வதும், கொண்டுசென்ற பிளாஸ்டிக்கையும் மின்கலத்தையும் திரும்பக் கொண்டுவருவதும், குப்பை புதைக்க இடமில்லாத நாட்டுக்கு விருந்தினர் செய்யும் உதவியாகும்.

2023இல் துவாலுவும் ஆஸ்திரேலியாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஆண்டுதோறும் 280 துவாலுக் குடிமக்கள் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேறலாம். 2025இல் நடந்த முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தாரோடு பதிவு செய்தோர் 8,000க்கும் மேற்பட்டோர். ஆகவே அங்கே சந்திப்பவரிடம் நாடு எப்போது மூழ்கும் என்று கேட்காதிருப்பதே நாகரிகம், அக்கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் ஏற்கெனவே கேட்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. ஒப்பந்தத்தின் பெயர் 'ஃபாலேபிலி', அதாவது அண்டை வீட்டாரிடம் காட்டும் அன்பு. அதிலுள்ள 'ஃபாலே' என்னும் வீடு, 'பாலாய் ராயா'வில் வரும் 'பாலாய்' என்பதற்கு உடன்பிறப்பு.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினர் அமைத்த ஓடுபாதையே ஃபுனாஃபுட்டியில் மாலைநேர விளையாட்டுத் திடலுமாகும். விமானம் வருமுன் சைரன் ஒலிக்கும்; பந்தாடும் பிள்ளைகள் ஓரம் ஒதுங்குவர். அது கிளம்பிச் சென்றபின் மீண்டும் பந்துடன் வருவர்.