கேள்வி கேட்கத் தொடங்கும் உனக்கு

கண்ணு, ஆங்கிலத்தில் பதில் எப்படியோ வந்துவிடுகிறது, கேள்வி கேட்கத்தான் நா எழவில்லை என்று எழுதியிருந்தாய். பள்ளிக்கூடத்திலேயே காலத்தை ஓட்டியவள் நான். அங்கே கேள்வி கேட்பது வாத்தியார் வேலை, பதில் சொல்வது பிள்ளைகள் வேலை. 12 வருடம் ஆங்கிலம் படித்த பிள்ளை, பஸ் எப்போது வரும் என்று கேட்கத் தெரியாமல் நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

1. முதலில் கூச்சத்தை விடு. பவணந்தியாரின் நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா, தெரியாமல் கேட்பது அறியாவினா. முன்னது ஆசிரியருடையது, பின்னது மாணவருடையது. இரண்டையும் ஒரே வரிசையில்தான் வைத்தார். தெரியாமல் கேட்பவனுக்குத் தாழ்ந்த பலகை போடவில்லை. என் வகுப்பில் ஒரு பையன் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் சிரிப்பலை எழும். அவன் நிறுத்தவே இல்லை. சிரித்தவர்களைவிடச் சீக்கிரமாக ஆங்கிலம் பேசியவன் அவன்தான்.

2. தமிழில் ஒரு ‘ஆ’வை ஒட்டினால் எந்தச் சொல்லும் கேள்வியாகிவிடும். ஆங்கிலத்தில் இடம் மாற வேண்டும். வாக்கியத்தில் ஈஸ், ஆர், கேன், வில் போன்ற ஒன்று இருந்தால் அதை எழுவாய்க்கு முன்னால் கொண்டு போ. அப்படி எதுவும் இல்லையென்றால் டூ, டஸ், டிட் துணைக்கு வரும். டிட் வந்தபின் இறந்தகாலம் என்ற மூட்டையை அது தலையில் வாங்கிக்கொள்கிறது. பின்னால் வரும் வினைச்சொல் கைவீசி நடக்கலாம். ‘டிட் யூ வென்ட்’ என்றால் ஒரே மூட்டையை இரண்டு பேர் சுமக்கிறார்கள். ‘டிட் யூ கோ’ போதும். ஷேக்ஸ்பியர் காலத்தில் டூ போட்டும் கேட்டார்கள், போடாமலும் கேட்டார்கள். அந்த மொழிக்காரர்களுக்கே நிலைகொள்ள நாளான இடம் இது. உனக்குத் தடுக்கினால் வெட்கமென்ன?

3. செய்தவர் யார் என்று கேட்கும்போது டிட் வேண்டாம். ‘ஹூ ப்ரோக் தி கிளாஸ்?’ அவ்வளவுதான். இந்தக் கேள்விக்கு எந்த வகுப்பிலும் பதில் வந்ததில்லை, அது வேறு கதை.

4. வடிவத்தைவிட, எதற்காகக் கேட்கிறாய் என்பதைப் பார். கடையில் போய் ‘அரிசி இருக்கிறதா?’ என்றால் கணக்கெடுக்கவா கேட்கிறாய்? வாங்கக் கேட்கிறாய். அது நன்னூல் சொல்லும் கொளல் வினா. ‘போட்டுக்கச் சட்டை இல்லையா?’ என்று கொடுக்க நினைப்பவர் கேட்டால் அது கொடை வினா. ‘பாடம் படித்தாயா?’ என்றால் ‘போய்ப் படி’ என்று பொருள், ஏவல் வினா. கயிறா, பாம்பா என்று திகைத்துக் கேட்பது ஐய வினா. ஆங்கிலத்திலும் இத்தனையும் உண்டு. ‘வுட் யூ லைக் சம் காபி?’ கொடை. அங்கே ‘எனி’யை விட ‘சம்’தான் வழக்கம், கொடுக்கும் மனசு அதில் தெரியும். ‘வில் யூ ஷட் தி டோர்?’ என்றால் யெஸ் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்காதே, எழுந்து போய்க் கதவைச் சாத்து. ‘டீ ஆர் காபி?’ என்னும்போது முதல் சொல்லில் குரல் ஏறி, இரண்டாவதில் இறங்கும். கேட்பவரின் தேவையைக் காதில் வாங்குகிறவனுக்கு இலக்கணம் பாதி வந்துவிட்டது.

5. நம் பேச்சில் ஒரு ‘ங்க’ சேர்த்தால் மரியாதை வந்துவிடும். ஆங்கிலத்தில் அது கிடையாது. வாக்கியத்தின் அமைப்பே பணிவைச் சுமக்க வேண்டும். ‘குட் யூ டெல் மீ வேர் தி பேங்க் ஈஸ்?’ என்று கேள். கேள்வி முன்பக்கமே வந்துவிட்டதால் பின்பாதி நேராக நிற்கும். ‘வேர் ஈஸ் தி பேங்க்’ என்று அதையும் திருப்பாதே. என்னிடம் படித்த ஒருவன் வேலை நேர்காணலில், தெரிந்துகொள்ளும் ஆசையில், ‘ஒய் யூ ஆர் ஆஸ்கிங்?’ என்றுவிட்டான். எதிரே இருந்தவர் முகம் சுருங்கிப் போனதாம். ஆங்கிலத்தில் ஒய் அதட்டலாகக் காதில் விழலாம், மெல்லக் கையாள வேண்டும்.

6. எதிர்மறைக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது நடந்ததைப் பார்த்துச் சொல். ‘சாப்பிடலையா?’ என்றால் ‘ஆமா, சாப்பிடல’ என்போம். ஆங்கிலத்தில் சாப்பிடவில்லையென்றால் நோ, சாப்பிட்டிருந்தால் யெஸ். கேட்டவர் எப்படிக் கேட்டாலும் இது மாறாது. எங்கள் உறவுக்காரர் ஒருவர் வெறும் வயிற்றோடு ரத்தப் பரிசோதனைக்குப் போனார். ‘யூ ஹேவன்ட் ஈட்டன், ஹேவ் யூ?’ என்று நர்ஸ் கேட்க, இவர் நம் வழக்கப்படி ‘யெஸ்’ என்றார். நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பாவம், பசியோடு போனதுதான் மிச்சம்.

7. எல்லாவற்றின் வாலிலும் ‘ஈஸன்ட் இட்’ ஒட்டாதே. ‘யூ ஆர் கமிங், ஆரன்ட் யூ?’, ‘ஹீ கேன் ஸ்விம், கான்ட் ஹீ?’ தலைக்கேற்ற வால். வாலில் குரல் இறங்கினால் ஆமோதிப்பைக் கேட்கிறாய், ஏறினால் நிஜமாகவே தெரியாமல் கேட்கிறாய். அடுத்தவர் வாயிலிருந்து ஆமாம் பிடுங்குவதற்கே இந்த வாலைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. நீ அப்படி ஆகிவிடாதே.

8. கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு பதிலைக் கேள். அடுத்த கேள்வியை மனசுக்குள் கோத்துக்கொண்டிருந்தால் கிடைத்த பதில் நழுவிவிடும்.

நாளைக் காலையில் உன் அலுவலகத்தில் யாரிடமாவது, உனக்கு உண்மையிலேயே தெரியாத ஒன்றை ஆங்கிலத்தில் கேள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுது.