எல்லோருக்கும் ஏற்ற இல்லம்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்” என்பார்கள் பெரியோர். பணம் கரையும் விதத்தைச் சொல்ல வந்த பழமொழி அது. ஆனால் கட்டி முடித்த வீட்டில் யார் யாரால் நடமாட முடியும் என்று பார்ப்பவர் மிகச் சிலரே. வரைபடம் போடும்போது குடும்பத் தலைவருக்கு வயது 40 என்றால், அதே வீட்டில் அவர் 80 வயதிலும் வாழ வேண்டியிருக்கும். தவழும் குழந்தையும், நிறைமாதக் கர்ப்பிணியும், காலொடிந்து மாவுக்கட்டுப் போட்டவரும் அங்கேதான் இருக்கப் போகிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் பொருந்துமாறு ஒரு வீட்டை அமைப்பது எப்படி என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இத்துறையில் முதலில் நினைக்கத்தக்கவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்டு மேஸ் (1941–1998). ஒன்பது வயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். வட கரோலினாவில் கட்டடக் கலை பயின்றபோது, வகுப்புக்குச் செல்ல அவரைப் பிறர் படிகளில் தூக்கிச் செல்ல வேண்டியிருந்ததாம். கட்டடம் கட்டக் கற்றுத்தரும் இடத்திலேயே இந்நிலை! ஊனமுற்றோருக்கென்று தனிக் கட்டடம் வேண்டாம், எல்லோரும் பயன்படுத்தும்படியே எதையும் அமைக்க வேண்டும் என்ற கருத்துக்கு ‘பொதுமை வடிவமைப்பு’ என்ற பொருள்படப் பெயரிட்டவர் அவரே. 1989-ல் இதற்கென ஓர் ஆய்வு மையத்தையும் அவர் நிறுவினார்.

இனி வாசலுக்கு வருவோம். நம் ஊர்களில் வீட்டின் தளமட்டம் தெருவைவிட ஒன்றரை அடியாவது உயர்ந்திருக்கும். சாலையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் தெரு உயர்வதாலும், மழைநீர் உள்ளே வந்துவிடும் என்ற அச்சத்தாலும் மக்கள் இன்னும் உயர்த்தியே கட்டுகிறார்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைக் கண்டவர்களை இதற்காகக் குறை சொல்ல இயலுமா? ஆகவே உயரம் இருக்கட்டும், படிக்கட்டோடு ஒரு சாய்தளமும் இருக்கட்டும் என்பதே நம் கருத்து.

சாய்தளம் என்றதும் இயற்பியல் பாடம் நினைவுக்கு வருகிறதல்லவா? ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. அப்படியானால் ஒன்றரை அடி உயரத்திற்கு 18 அடி நீளம் தேவை. நாற்காலியும் அதில் அமர்ந்தவரும் சேர்ந்து 84 கிலோ இருப்பதாகக் கொள்வோம். உராய்வை விட்டுவிட்டால், இச்சரிவில் தள்ளுவதற்கு ஏறத்தாழ 7 கிலோவைத் தூக்கும் அளவு விசை போதும். நம்மைப் போன்ற மாணவியரே தள்ளிவிடலாம். இடமில்லை என்று அதையே ஆறடி நீளத்தில் செங்குத்தாக அமைத்தால் 20 கிலோவுக்கு மேல் ஆகிவிடும். இறங்கும்போதோ நாற்காலி கையை மீறி ஓடும். பல வங்கிகளிலும் கடைகளிலும் பெயருக்கு அமைத்துள்ள சாய்தளங்கள் இவ்வகையே. அவை மோட்டார் சைக்கிள் ஏற்றத்தான் உதவும்! இடம் குறைந்த வீடுகளில் சாய்தளத்தைப் பக்கச்சுவரை ஒட்டிக் கொண்டுபோய், திருப்பத்தில் ஐந்தடிச் சதுரமாகச் சமதளம் விட்டு மடக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது கதவு. எங்கள் வகுப்பில் சிலர் அளவு நாடாவுடன் அவரவர் வீட்டுக் கதவுகளை அளந்து பார்த்தோம். வாசற்கதவுகள் பெரும்பாலும் அகலமாகவே இருந்தன. குளியலறைக் கதவுகளோ இரண்டரை அடி நிலையில் அமைந்தவை. நிலைச்சட்டமும் கதவின் கனமும் போக, உள்ளே செல்லக் கிடைக்கும் வழி இரண்டடிதான். சக்கர நாற்காலியின் அகலம் 65 முதல் 70 செ.மீ. என்பதால் அது உள்ளே நுழையாது. 90 செ.மீ. வழி விட்டால் கவலையில்லை.

குளியலறையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். பளபளக்கும் ஓடுகளை விட்டுச் சொரசொரப்பானவற்றைப் பதிக்க வேண்டும். துண்டு போடும் கம்பி ஆளின் எடையைத் தாங்காது; சுவரில் உறுதியாகப் பதித்த கைப்பிடிதான் தாங்கும். கதவு வெளிப்புறமாகத் திறப்பது மிக முக்கியம். உள்ளே வழுக்கி விழுந்த ஆச்சி கதவின்மேலேயே சாய்ந்து கிடந்தால், உட்புறம் திறக்கும் கதவை எப்படித் தள்ளுவது? தாழ்ப்பாளும் அவசரத்தில் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருப்பது நல்லது.

“எங்கள் வீட்டில் யாருக்கும் கால் ஊனமில்லையே” என்று சிலர் கேட்கலாம். எங்கள் தோழி ஒருத்தி சக்கர நாற்காலியில் பள்ளிக்கு வருகிறாள். பிறந்தநாள் என்றாலும் கிறிஸ்துமஸ் என்றாலும் நாங்கள்தாம் அவள் வீட்டுக்குப் போகிறோம். ஒருமுறை எங்களில் ஒருத்தி வீட்டுக்கு அவளைத் தூக்கி வந்தோம். மாலைவரை இருந்தவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் எலினோர் ஸ்மித் என்னும் பெண்மணி 1987-ல் தொடங்கிய இயக்கம் இதைத்தான் பேசியது. புதிதாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டிலும் படியில்லாத ஒரு நுழைவாயில், அகலமான கதவுகள், கீழ்த்தளத்தில் நுழையக்கூடிய ஒரு கழிவறை ஆகிய மூன்றும் இருந்தால், விருந்தினராக எவரும் வரலாம் என்றார் அவர்.

நம் பழைய வீடுகளை முழுவதும் குறை கூறுவதற்கில்லை. திண்ணையில் அமர்ந்து செருப்பைக் கழற்றலாம். தூணைப் பிடித்து எழலாம். முற்றத்தைச் சுற்றி எல்லா அறைகளும் ஒரே தளத்தில் இருந்தன. ஆனால் தாண்டிச் செல்ல வேண்டிய உயர்ந்த நிலைப்படியும், கொல்லைக் கோடியில் இருந்த கழிவறையும் முதியோருக்குத் துன்பமே.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழே வகைகள் இருந்தன. எனினும் அது பள்ளி, மருத்துவமனை, கடை போன்று பொதுமக்கள் புழங்கும் கட்டடங்களுக்கே தடையற்ற அமைப்பை விதிக்கிறது. தனி வீட்டுக்குள் அது எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே முடிவு செய்பவர்கள் வீட்டுக்காரரும் கொத்தனாருமே.

ஆகவே எங்கள் தெருவில் எழும்பிவரும் ஒரு வீட்டுக் கொத்தனாரிடம் செலவைப் பற்றிக் கேட்டோம். “இப்பம் அரையடி கூட்டுறதுக்குப் பெரிய செலவில்ல, பிள்ளைகளா. பூசி முடிச்ச பொறவு கேட்டாத்தான் சுவரை இடிக்கணும்” என்றார். வீட்டுக்கார அம்மாளும் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாய்தளத்திற்கு அவர்கள் இணங்கவில்லை. கார் நிறுத்த இடம் வேண்டுமாம். குளியலறை வாசலை மட்டும் மூன்றரை அடிக்குச் சுண்ணக்கட்டியால் புதிதாகக் குறிக்கச் சொன்னார்கள்.