மீன் வயிற்றில் ஒரு சுருள்வில்

காசிமேட்டிலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் மீஞ்சூருக்கு வரும் கடல் மீனை அரியும்போது, சில சமயம் குடலின்மேல் வெண்ணிறப் புழு ஒன்று கடிகாரச் சுருள்வில்லைப் போலச் சுருண்டிருக்கும். மீன் அழுகியதால் அது தோன்றிற்றா? இல்லை. மீன் உயிரோடிருந்தபோதே உள்ளே புகுந்த ஒட்டுண்ணி அது.

அனிசாகிஸ் என்னும் உருளைப்புழுவின் இளவுயிரி இத்தகையது. நீளம் 2 முதல் 3 செ.மீ. முதிர்ந்த புழு திமிங்கிலம், டால்பின் ஆகியவற்றின் இரைப்பையில் வாழ்கிறது. அதன் முட்டைகள் கழிவுடன் கடலில் சேர்கின்றன. வெளிவரும் இளவுயிரிகளைச் சிறு இறால் இனங்கள் உண்கின்றன. அவற்றை மீன் உண்கிறது. மீனை டால்பின் உண்ண, புழு முதிர்ச்சியடைகிறது.

மனித உடலில் இப்புழு முதிர்வதில்லை. ஆயினும் உயிருடன் உட்சென்றால் இரைப்பைச் சுவரைத் துளைத்துக் கடும் வலியும் வாந்தியும் உண்டாக்கும். சமைக்காத ஹெர்ரிங் மீனை உண்டவர்களிடம் இந்நோய் 1960-இல் நெதர்லாந்தில் கண்டறியப்பட்டது. மீனில் இட்ட சிறிதளவு உப்பு புழுவைக் கொல்லவில்லை. எனவே, 1968-இல் அம்மீனை உறையவைத்த பிறகே விற்க வேண்டுமென அங்கே சட்டம் வந்தது.

நமக்குக் காவல் எது? அடுப்புத்தான். மீன் துண்டின் நடுப்பகுதி 63° செ. வெப்பமடைந்தால் புழு இறந்துவிடும். கொதிக்கும் குழம்பின் வெப்பமோ ஏறத்தாழ 100° செ. ஆனால் தடித்த துண்டு வெளியே சிவந்தும் உள்ளே வேகாமலும் இருக்கலாம். உப்பும் மிளகாயும் எலுமிச்சைச் சாறும் ஊறினால் மட்டும் போதாது.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். மீன் இறந்தபின் புழு குடலிலிருந்து சதைக்குள் நகரக்கூடும். இறந்த புழுவும் சிலருக்கு ஒவ்வாமை தரலாம். ஆகவே மீன் வாங்கியவுடன் குடலை நீக்குங்கள். நடுப்பகுதிவரை வேகவைத்து உண்ணுங்கள்.