வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நல்ல டூல் கிட் தேர்ந்தெடுப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் ஸ்பீக்கர், மவுஸ் பேட், தூசி உறை என எல்லாவற்றையும் மறக்காமல் வாங்கிவிடுகிறார்கள். கேபினெட்டைத் திறக்க சரியான ஸ்க்ரூ டிரைவர் மட்டும் பல வீடுகளில் இருப்பதில்லை. அவசரத்திற்குச் சமையலறைக் கத்தி முனையால் திருப்பி, ஸ்க்ரூவின் தலை தேய்ந்துபோன பின்புதான் மெக்கானிக்கைத் தேடுகிறோம்.

நம் வீட்டில் டூல்ஸ் எதற்கு என்று கேட்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதுபோன்ற நேரத்தில் முழு கம்ப்யூட்டரையும் மாடிக்குத் தூக்கிச் செல்ல இயலாமல் போகலாம். கரண்ட்டை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, சில ஸ்க்ரூக்களைக் கழற்றினால் ஹார்ட் டிஸ்க் கையில் வந்துவிடும். போட்டோக்களும் கணக்குகளும் தப்பிவிடும். அதற்குத் தேவை பொருத்தமான ஒரு ஸ்க்ரூ டிரைவரும் முன்கூட்டியே செய்துபார்த்த பழக்கமும்தான்.

நூறு பீஸ் செட் தேவையா?

திருநீர்மலையில் இருந்து பல்லாவரம் பக்கம் போனாலே ஹார்டுவேர் கடைகளில் பைக், கார் வேலைக்கான பெரிய செட்டுகளைப் பார்க்கலாம். 'நூறு பீஸ்' என்று பெட்டியில் போட்டிருந்தாலும், எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே மாதிரி பிட்டுகளாக இருக்கும். அதிலுள்ள ரிங் ஸ்பானர், சாக்கெட் போன்றவற்றுக்குக் கம்ப்யூட்டரில் வேலையே இல்லை. டெஸ்க்டாப் ஒன்றைக் கவனித்துக்கொள்ளக் கீழ்க்கண்டவை போதும்.

1. பி.எச்.2 ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர். கேபினெட், எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு ஆகியவற்றின் ஸ்க்ரூக்களில் பெரும்பாலானவை இதற்குத்தான் பொருந்தும். தண்டு 150 மி.மீ. நீளமாக இருந்தால், பெரிய ஹீட்சிங்க்கைத் தாண்டியும் கை எட்டும்.

2. பி.எச்.1, பி.எச்.0. சிறிய எஸ்.எஸ்.டி., லேப்டாப் ஸ்க்ரூக்களுக்கு.

3. ஒரு நோஸ் பிளேயர், ஒரு ட்வீசர். உள்ளே விழுந்த ஸ்க்ரூவை எடுக்கவும் ஜம்ப்பரை மாற்றவும் உதவும்.

4. மென்மையான பிரஷ், ஒரு கை புளோயர். சாலைத் தூசி அதிகமுள்ள நம் பகுதிக்கு இது கட்டாயம். காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழல விடக்கூடாது.

5. ஒரு லைன் டெஸ்டர். ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

'ஸ்டார்' என்று கேட்டால் என்ன தருவார்கள்?

நம் ஊர்க் கடைகளில் 'ஸ்டார்' என்றால் கூட்டல் குறி வடிவத் தலைக்கான டிரைவர். 1930-களில் அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் கார் தொழிற்சாலைகளில் பரப்பிய வடிவம் இது. அவர் பெயரால் பிலிப்ஸ் என அழைக்கப்படுகிறது. ஆறு முனை நட்சத்திரம் போல இருப்பது வேறு வகை. அதன் பெயர் டார்க்ஸ். சில லேப்டாப்புகளிலும் ஹார்ட் டிஸ்க்கின் மேல்மூடியிலும் அதைக் காணலாம். ஹார்ட் டிஸ்க்கின் மூடியை வீட்டில் ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளே போகும் சிறு தூசியே தகவல்களை அழிக்கப் போதுமானது.

கடையில் தரத்தைச் சோதிப்பது எப்படி?

கேபினெட்டில் இருந்து ஒரு ஸ்க்ரூவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். டிரைவர் முனையை அதில் பொருத்தி அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இல்லாமல் உட்கார வேண்டும். முனையின் நான்கு விளிம்புகளும் கூர்மையாக, ஒரே அளவாக இருக்க வேண்டும். கைப்பிடியை ஒரு கையாலும் தண்டை மறு கையாலும் பிடித்து முறுக்கினால், தண்டு தனியே சுற்றக்கூடாது. தயாரித்தவர் பெயரும் அளவும் பொறிக்கப்பட்டிருப்பது நல்லது.

'க்ரோம் வனேடியம்' என்ற எழுத்து மட்டும் தரத்திற்குச் சான்று ஆகாது. மலிவான செட்டுகளிலும் அதைப் பொறித்திருப்பார்கள். பிட்டுகளாக வாங்கினால் 'எஸ்2' எனக் குறித்தவற்றைப் பாருங்கள். இந்த எஃகு கடினமானது. நாசிக்கின் தபாரியா போன்ற இந்தியத் தயாரிப்புகள் ஹார்டுவேர் கடைகளில் தனித்தனியாகவும் கிடைக்கின்றன. எலெக்ட்ரானிக்ஸ் டூல்ஸுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இருக்கிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய டூல்ஸும் வரும். அங்கு வாங்கினால் முனை மழுங்கியுள்ளதா என்று முதலில் பாருங்கள். மேலே படிந்த துருவைத் தேய்த்து எடுக்கலாம். மழுங்கிய ஸ்டார் முனையைச் சரிசெய்ய முடியாது.

முனையில் காந்தம் இருக்கலாமா என்று பலரும் கேட்பதுண்டு. ஸ்க்ரூ டிரைவரில் உள்ள சிறிய காந்தம் ஹார்ட் டிஸ்க்கையோ எஸ்.எஸ்.டி.யையோ பாதிக்காது. ஸ்க்ரூ உள்ளே விழாமல் தடுப்பதால் அது நன்மையே.

ஸ்க்ரூக்களில் இரண்டு வகை

கேபினெட்டிலும் 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கிலும் 6-32 என்ற வகை வரும். இதன் மரை ஓர் அங்குலத்துக்கு 32 சுற்று. பார்க்கவே இடைவெளி அதிகமாகத் தெரியும். 2.5 அங்குல டிஸ்க்குகளில் எம்3 என்ற மெல்லிய, நெருக்கமான மரை உள்ள வகை வரும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அழுத்தித் திருப்பினால் மரை கெட்டுவிடும். முதல் இரண்டு சுற்றை விரலாலேயே திருப்புங்கள். இறுக்கமாக இருந்தால் தவறான ஸ்க்ரூ என்று பொருள். டிரைவரை நன்றாக உள்ளே அழுத்தி, மெதுவாகத் திருப்புவதே தலை தேயாமல் காக்கும் வழி.

டெஸ்டர் எதற்கு?

கம்ப்யூட்டர் ஓடும்போது கேபினெட்டில் பெயின்ட் இல்லாத ஸ்க்ரூ ஒன்றில் டெஸ்டரை வையுங்கள். விளக்கு எரிந்தால் உங்கள் பிளக் பாயின்ட்டில் எர்த் சரியில்லை என்று சந்தேகிக்க வேண்டும். கையில் லேசாகச் சுர்ரென்று உணர்வதும் இதனால் இருக்கலாம். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் மாட்டுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். உடனே எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்யுங்கள். அதுவரை கேபினெட்டைத் தொடாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளேயுள்ள கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

இந்த வாரப் பயிற்சி

வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் முதலில் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்துங்கள். கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, செல்போனில் ஒரு படம் எடுங்கள். ஹார்ட் டிஸ்க் எங்கே இருக்கிறது, எத்தனை ஸ்க்ரூ, எத்தனை கேபிள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு கிண்ணத்தில் போடுங்கள். மூடும்போது ஒன்றுகூட மிஞ்சக்கூடாது.

வேலை முடிந்ததும் டூல்ஸைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை மெல்லியதாகப் பூசி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றிலும் துரு பிடிக்காது. மறுமுறை எடுக்கும்போது எண்ணெயைத் துணியால் துடைத்துவிட்டே பயன்படுத்துங்கள். டப்பாவை கம்ப்யூட்டர் மேஜையிலேயே, தரையில் படாத உயரத்தில் வைத்திருங்கள்.