பனிமலைச் செடிகள் எவ்வளவு தாங்கும்?

ஆல்ப்ஸ் மலையில், மரங்கள் வளரும் எல்லைக்கும் மேலே, ஒரு கோடைப் பகலைக் கற்பனை செய்து பாருங்கள். காற்றின் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ்தான். ஆனால், காற்றடிக்காத சரிவில் வெயில் பட்ட கரிய மண்ணின் மேற்பரப்பு 70 டிகிரியையும் தாண்டுவதுண்டு. அன்றிரவு வானம் தெளிவாக இருந்தால் அதே இடத்தில் உறைபனி படியும். தரையை ஒட்டி மெத்தைபோல் வளரும் செடிகள் இவ்விரண்டையும் தாங்கியாக வேண்டும். அவற்றின் தாங்கும் எல்லையை எப்படி அளப்பது?

வானிலை நிலைய வெப்பமானி இதற்கு உதவாது. அது காட்டுவது நிழலில், ஆளுயரத்தில் உள்ள காற்றின் வெப்பநிலையை. நமக்கு வேண்டியது இலையின் வெப்பநிலை. எனவே, மெல்லிய கம்பிகளால் ஆன வெப்ப இரட்டையை இலையோடு ஒட்டவைத்து அளக்கிறார்கள்.

அந்த இலையை ஆய்வுக்கூடத்தில் மெல்ல மெல்லக் குளிர்விப்போம். வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்கிக்கொண்டே போகும். திடீரென்று ஒரு கணத்தில் அது சற்று மேலே ஏறும்! குளிர்விக்கும்போது வெப்பம் எங்கிருந்து வந்தது? நீர் பனிக்கட்டியாகும்போது ஒவ்வொரு கிராமும் சுமார் 334 ஜூல் உள்ளுறை வெப்பத்தை வெளிவிடும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதே வெப்பந்தான் இது. இலை உறையத் தொடங்கிவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம்.

அப்படியானால் இலை இறந்துவிட்டதா? இல்லை. பனிக்கட்டி முதலில் உருவாவது செல்களுக்கு இடையேயுள்ள வெளிகளில். அது செல்களிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும், செல்கள் சுருங்கும். செல்சவ்வு சிதையாதவரை, பனி உருகியதும் செடி பிழைத்துக்கொள்ளும். ஆகவே நாம் அளக்க வேண்டியது உறைதலை அன்று, சவ்வின் சிதைவை.

சவ்வு சிதைந்தால் செல்லிலுள்ள உப்பு அயனிகள் வெளியே கசியும். இலைத் துண்டைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டுவைத்து, அந்நீரின் மின்கடத்தும் திறனை அளந்தால் கசிவு தெரிந்துவிடும். ஓர் எடுத்துக்காட்டு: குளிரூட்டாத இலைக்கு 20 அலகு, குளிரூட்டிய இலைக்கு 110 அலகு, கொதிக்கவைத்து முழுவதும் கொன்ற இலைக்கு 200 அலகு என்று கொள்வோம். சேதம் = (110 − 20) ÷ (200 − 20) = 90 ÷ 180, அதாவது 50 விழுக்காடு. இவ்வாறு பாதிச் சேதம் விளையும் வெப்பநிலையையே தாங்கும் எல்லையாகக் கொள்கிறார்கள். வெப்பம் தாங்கும் எல்லையையும், இலைகளை அரைமணி நேரம் வெந்நீரில் வைத்து, இதே முறையில் காணலாம். ஆல்ப்ஸ் செடிகள் பலவற்றுக்கு அது 45 முதல் 55 டிகிரி வரை இருக்கிறது.

குளிரின் எல்லையோ ஒரே எண் அன்று! ஸ்விட்சர்லாந்தின் டோம் சிகரத்தில் 4,505 மீட்டர் உயரத்தில்கூட ஊதாநிறப் பூப்பூக்கும் சாக்ஸிப்ரேகா ஒப்போசிட்டிபோலியா என்ற செடி வளர்கிறது. குளிர்காலத்தில் நன்கு பதப்பட்ட இதன் தளிர்கள் −196 டிகிரியிலுள்ள திரவ நைட்ரஜனில் மூழ்கியும் பிழைத்திருக்கின்றன. ஆனால் கோடையில், வளர்ச்சி மும்முரமாக இருக்கும்போது, ஆல்ப்ஸ் செடிகள் பலவற்றின் இலைகள் −5க்கும் −15க்கும் இடையிலேயே பாதி சேதமாகிவிடும். குளிரின் அளவோடு, அது எந்த மாதத்தில் வந்தது என்பதும் முக்கியம்.

இங்கேதான் கவலை பிறக்கிறது. தடித்த பனிப்போர்வை வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனடியில் செடி 0 டிகிரியை ஒட்டிய நிலையில் பாதுகாப்பாக இருக்கும். புவி வெப்பமடைவதால் பனி முன்கூட்டியே உருகினால், செடியும் முன்கூட்டியே துளிர்க்கும். பிறகு ஓரிரவு உறைபனி வந்தால், போர்வையும் இல்லை, பதமும் இல்லை. வெப்பமான ஆண்டிலேயே செடி குளிரால் மடியக்கூடும்!

சவ்வுச் சிதைவை நீங்களே காணலாம். பீட்ரூட்டைச் சம அளவுத் துண்டுகளாக நறுக்கி, வெட்டியபோது வழிந்த சாறு போகும்வரை நன்றாகக் கழுவுங்கள். 30, 40, 50, 60, 70 டிகிரி நீரில் ஒவ்வொரு துண்டாக ஒரே நேர அளவு வைத்து எடுத்து, தனித்தனிக் குளிர்ந்த நீரில் போடுங்கள். அரைமணி கழித்து நீரின் நிறங்களை ஒப்பிடுங்கள். எந்த வெப்பநிலைக்குப் பிறகு சிவப்பு திடீரென அடர்த்தியாகிறது? அதுதான் நீங்கள் கண்டறிந்த எல்லை.