ஸ்டியரிங் சில நேரம் மட்டும் கல்லாவது ஏன்?

ஒரேயடியாகக் கெட்டுப்போன பொருளைக் கண்டுபிடிப்பது சுலபம். பியூஸ் போன பல்பு எப்போது போட்டாலும் எரியாது. ஒரு நேரம் ஒழுங்காக ஓடி, இன்னொரு நேரம் மக்கர் பண்ணுகிற பொருள்தான் பெரிய தலைவலி. மெக்கானிக் முன்னால் நல்ல பிள்ளையாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் வாலை ஆட்டும். பழைய கார்களின் பவர் ஸ்டியரிங்குக்கு வரும் நோய் பெரும்பாலும் இந்த ரகம்தான். அதைக் கண்டுபிடிக்க நம் பத்தாம் வகுப்பு ஓம் விதி எப்படி உதவுகிறது என்பதே இந்தக் கட்டுரை.

பவர் ஸ்டியரிங் என்றால் என்ன?

பழைய அம்பாசிடர் ஓட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் என்பார்கள். அந்தப் பாரத்தில் பெரும்பங்கை வண்டியே தாங்கிக்கொண்டால் அதுதான் பவர் ஸ்டியரிங். இதில் இரண்டு வகை முக்கியம்.

1. எண்ணெய் வகை: எஞ்சின் பெல்ட்டால் சுற்றும் ஒரு பம்பு, எண்ணெயை அழுத்தி உதவி செய்யும். அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் இதை 1926-ல் செய்து காட்டினார். 1951-ல்தான் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் விற்பனைக்கு வந்தது.

2. மின்சார வகை: ஒரு மோட்டார் உதவி செய்யும். 1988-ல் ஜப்பானில் சுசுகியின் செர்வோ என்ற சின்ன காரில் வந்தது. இன்றைய சின்ன கார்களில் பெரும்பாலும் இதுதான்.

மின்சார வகையில் ஸ்டியரிங் தண்டுக்குள் ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி இருக்கிறது. நாம் திருப்பும்போது அது கொஞ்சம் முறுகும். எவ்வளவு முறுகியது என்று ஒரு சென்சார் பார்த்துச் சொல்லும். வண்டியின் வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, ஒரு சின்ன கம்ப்யூட்டர் மோட்டாருக்குக் கரண்ட் அனுப்பும். வேகம் குறைவாக இருந்தால் உதவி அதிகம், வேகம் கூடினால் உதவி குறைவு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெரியப்பாவின் கார்

என் பெரியப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். பதினைந்து வருஷத்துக்கு மேல் பழகின சின்ன கார், மின்சார ஸ்டியரிங். ஜிப்மருக்குப் போகிற வயசானவர்கள்தான் அவருக்கு அதிக சவாரி. போன மழைக்காலம் முடிந்ததிலிருந்து திருப்பங்களில் ஸ்டியரிங் திடீரென்று கல்லு மாதிரி ஆகிவிடும். மஞ்சள் விளக்கு எரியும். வண்டியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் சரியாகிவிடும். ஒரு ஒர்க்ஷாப்பில், "மோட்டாரோட முழு செட்டையும் மாத்தணும், 28,000 ரூபா ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். அது பெரியப்பாவின் இரண்டு மாசச் சம்பாத்தியம். மாற்றினால் பிழைப்பு போச்சு, மாற்றாமல் ஓட்டினால் பின்சீட்டில் இருப்பவர் உயிருக்கு யார் பொறுப்பு?

அவர் பழக்கப்பட்ட முதலியார்பேட்டை மெக்கானிக் அண்ணன் ஒன்றையும் கழற்றவில்லை. "முதல்ல ஒரு நோட்டு போடுங்க. எப்ப வருது, எங்க வருதுன்னு எழுதுங்க. அப்புறம் பார்க்கலாம்" என்றார். எழுதும் வேலை எனக்கு வந்தது. இடம், நேரம், வேகம், ஏ.சி., ஹெட்லைட், மழை என்று ஆறு கட்டம் போட்டேன். பெரியப்பா சாயங்காலம் வந்து சொல்லச் சொல்ல நிரப்பினேன்.

ஒன்பது நாளில் ஏழு முறை வந்தது. ஏழும் மெதுவாகத் திருப்பும்போதுதான். அதில் ஆறு தடவை ஏ.சி.யும் ஹெட்லைட்டும் ஓடிக்கொண்டிருந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாகப் போகும்போது ஒருமுறைகூட வரவில்லை.

நம் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நம் ஊரின் பழைய பகுதி சதுரங்கக் கட்டம் போல அமைந்தது. தெருக்கள் நேராகப் போகும், முனைகள் செங்குத்தாகத் திரும்பும். நிறைய தெருக்கள் ஒருவழிப் பாதை. மாலையில் கூபேர் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். அதனால் பக்கத்துத் தெருக்களில் இடம் தேடி, முன்னும் பின்னும் எடுத்து நிறுத்த வேண்டும். மெதுவாக, முழுசாகத் திருப்பும் இந்த வேலைக்குத்தான் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கிறது.

இன்னொன்று கடல் காற்று. உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும், செம்பு பச்சை பூக்கும். வீட்டு ஜன்னல் கம்பிக்கு நடப்பது பேட்டரி ஒயருக்கும் நடக்கும்.

ஓம் விதி வருகிறது

மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை. துருப்பிடித்த ஒரு இணைப்பில் 0.05 ஓம் மின்தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

5 ஆம்பியர் விளக்குக்கு: 5 × 0.05 = 0.25 வோல்ட் இழப்பு. கண்ணுக்கே தெரியாது.

40 ஆம்பியர் இழுக்கும் ஸ்டியரிங் மோட்டாருக்கு: 40 × 0.05 = 2 வோல்ட் இழப்பு. 12 வோல்ட்டில் 2 போனால் பெரிய நஷ்டம்.

வண்டி குலுங்கும்போது அந்த இணைப்பு ஆடினால் மின்தடையும் ஏறி இறங்கும். வோல்டேஜ் ரொம்பக் குறைந்தால் கம்ப்யூட்டர் உதவியைக் குறைக்கும் அல்லது நிறுத்திவிடும். "லைட்டு நல்லா எரியுது, ஹாரன் அடிக்குது, ஸ்டியரிங் மட்டும் ஏன் இறுகுது?" என்று பெரியப்பா கேட்டதற்கு இந்தக் கணக்குதான் பதில்.

அளந்து பார்த்தது எப்படி?

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 14 வோல்ட் இருக்க வேண்டும். அது சரியாக இருந்தது. அடுத்து மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறுமுனையைக் காரின் பாடி இரும்பிலும் வைத்தார் அண்ணன். பெரியப்பா ஸ்டியரிங்கைத் திருப்பினார். மீட்டரில் 1.7 வோல்ட். அது 0.2-க்குள் இருக்க வேண்டும். திருப்புவதை நிறுத்தினால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சும்மா நிற்கும் வண்டியில் மின்தடையை மட்டும் அளந்தால் "எல்லாம் சரி" என்றே மீட்டர் காட்டக்கூடும். நோய் வேலைப் பளுவில்தான் வெளியே வரும். அதனால் வேலை வாங்கிக்கொண்டே அளக்க வேண்டும்.

நெகட்டிவ் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றினால் உள்ளே துருவும் பச்சைப் பொடியும். சுத்தமாகச் சுரண்டி, புது ஒயர் போட்டு, மேலே கிரீஸ் தடவி இறுக்கினார். மீட்டரில் 0.1 வோல்ட். செலவு 450 ரூபாய். அதற்குப் பிறகும் ஒரு மாசம் நோட்டு எழுதினேன். அந்தப் பக்கங்கள் காலியாகவே இருக்கின்றன.

எல்லாக் காருக்கும் இதுதான் காரணமா?

இல்லை. அறிகுறியைப் பார்த்துத்தான் சந்தேகப்பட வேண்டும்.

• ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் மட்டும், எப்போதும் அதே இடத்தில் இறுகினால்: ஸ்டியரிங் தண்டின் மூட்டு துருப்பிடித்திருக்கலாம்.

• பலமுறை முன்னும் பின்னும் எடுத்த பிறகு இறுகி, ஆறியதும் சரியானால்: மோட்டார் சூடாகாமல் காக்க கம்ப்யூட்டரே உதவியைக் குறைத்திருக்கலாம்.

• எப்போதும் கொஞ்சம் கனமாக இருந்தால்: முதலில் டயர் காற்றைப் பாருங்கள்.

• எண்ணெய் வகையில், மழையில் மட்டும் கீச்சென்ற சத்தத்தோடு இறுகினால்: பெல்ட் வழுக்கலாம்.

• எண்ணெய் வகையில், திருப்பும்போது முனகல் சத்தமும் எண்ணெயில் நுரையும் இருந்தால்: எண்ணெய் குறைந்து காற்று புகுந்திருக்கலாம்.

• வோல்டேஜ் எல்லாம் சரியாக இருந்தும் மஞ்சள் விளக்கு எரிந்தால்: ஸ்கேனர் போட்டுக் கோளாறு எண்ணைப் படிக்க வேண்டும். சென்சாரோ மோட்டாரோ நிஜமாகவே கெட்டிருக்கலாம்.

மோட்டார் கெடுவதும் உண்டு. 2010 மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் பவர் ஸ்டியரிங் மோட்டாருக்காக சுமார் 13 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. மணிக்கு சுமார் 24 கிலோமீட்டருக்குக் கீழே திருப்புவது கஷ்டமாகலாம் என்றுதான் அப்போதும் சொன்னார்கள். மெதுவாகப் போகும்போதுதான் உதவி அதிகம் தேவை என்று முன்னால் பார்த்தோமே, அதுவேதான்.

ஓடும்போது இறுகினால்?

பதற வேண்டாம். இந்தக் கார்களில் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இரும்புத் தொடர்பு உண்டு. உதவி போனாலும் வண்டி திரும்பும், பலம்தான் அதிகம் வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து, வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்த வேண்டும். ஓடும்போது சாவியைத் திருப்பி எடுக்கவே கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நாம் யாரும் வீட்டில் ஸ்டியரிங்கைக் கழற்றிப் பார்க்கவும் கூடாது. ஏர்பேக் உள்ள வண்டியில் அது வெடித்து முகத்தில் அடிக்கும். நம்மால் முடிந்தது கவனிப்பதும் எழுதுவதும்தான்.

நோய் நாடி நோய் முதல் நாடச் சொன்னார் வள்ளுவர். அது மனுஷனுக்கு மட்டும் சொன்னதாக நான் நினைக்கவில்லை. விட்டு விட்டு வரும் கோளாறு எதுவானாலும், வீட்டு மோட்டார் பம்பானாலும் வகுப்பறை மின்விசிறியானாலும், வரிசை இதுதான்: முதலில் எழுது, பிறகு அள, கடைசியில் மாற்று. ஒரு நோட்டும் ஒரு மீட்டரும் இருந்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.



– பதினோராம் வகுப்பு, 'அ' பிரிவு மாணவன்